தருமபுரித் தொட்டிலுக்கு ஒரு வாழ்த்து

தொட்டிலைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. கள்ளிப்பால் எடுத்து வைத்திருந்த சங்குக்கும், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத ஒரு வாய்க்கும் நடுவில் வந்து நின்றது அது. 1992 அக்டோபரில் முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிவைத்த தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களோடு தருமபுரிக்கும் வந்தது. வேண்டாம் என்று நினைக்கிற பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசாங்கம் வளர்த்துக்கொள்ளும் என்று ஒரு ஆட்சியே ஊரறியச் சொன்னது. அந்தச் சொல்லால் பிழைத்த பெண்கள் இன்றைக்கு எங்கெங்கோ படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் பிழைத்திருந்தாலும் தொட்டிலுக்குக் கோயில் கட்டலாம். ஆகவே தொட்டிலை வாழ்த்துகிறேன். தொட்டிலை வைத்தவர்களையும், அதை நம்பி வாழ்ந்த வீடுகளையும் சேர்த்தே வாழ்த்துகிறேன். என்ன காரணத்துக்காக வாழ்த்துகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டிலின் பெரிய குணம், அது எதையும் கேட்காது. நல்லம்பள்ளிச் சந்தைக்கு ஒரு வெள்ளாட்டை ஓட்டிப் போய்ப் பாருங்கள். எந்த ஊர் ஆடு, எத்தனை ஈத்து, பல் எத்தனை, நல்லா இருக்கிற ஆட்டை ஏன் விற்கிறாய் என்று நாலு பேர் சுற்றி நின்று கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் கயிற்றைத் தொட மாட்டார்கள். தொட்டிலுக்கு அந்தச் சந்தேகபுத்தி கிடையாது. எந்த ஊர் என்று கேட்காது, எத்தனையாவது பெண் என்று கேட்காது, யார் சொல்லித் தூக்கி வந்தாய் என்று கேட்காது. பெற்றவள் எங்கே, அவளுக்கு இதில் சம்மதமா என்றும் கேட்காது. நடுச்சாமத்தில் வந்தாலும் விடியற்காலையில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகலாம்.

தொட்டில் கேட்காத கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்போம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆகியிருக்கும். பார்க்க வந்தவர்கள், "மறுபடியும் பொட்டப்புள்ளதானா?" என்று கேட்டுவிட்டு, துணியை விலக்கிக்கூடப் பார்க்காமல் போயிருப்பார்கள். மாமியார் வார்டு வாசலோடு நின்றிருப்பார். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பான். விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்திருப்பான். காது குத்துக்கு என்ன செலவு, வயசுக்கு வந்தால் என்ன செலவு, கல்யாணத்துக்கு எத்தனை பவுன், அதற்கு அப்புறம் ஆடிச் சீர், பொங்கல் சீர், தலைப்பிரசவம் என்று அந்த ராத்திரியிலேயே ஒரு கணக்கு ஓடும். ஏற்கெனவே இரண்டுக்கு அந்தக் கணக்கு எழுதியாகிவிட்டது. மழை பார்த்துக் கேழ்வரகும் துவரையும் விதைக்கிற இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு மூன்றாவது கணக்கைத் தாங்காது. விடிவதற்குள் முடிவாகிவிடும். யார் முடிவு செய்தார்கள் என்று பின்னால் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பெற்றவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் எல்லாராலும் சொல்ல முடியும்.

அவளுக்கு மூன்றாம் நாள்தான் பால் இறங்கும். பிள்ளை போன பிறகு பால் வரும். மார் கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் அடிக்கும், கையைத் தூக்க முடியாது, ஒருக்களித்துப் படுக்க முடியாது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்பது நம் பெண்களின் பழைய கைவைத்தியம். பிள்ளை செத்துப் பிறந்தால் செய்கிற வைத்தியம் அது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஊறிய பாலுக்கும் இங்கே அதையேதான் செய்ய வேண்டும். பூக்காரியிடம் ரெண்டு முழம் வாங்கிவரச் சொல்லுவார்கள். பூ சூட்டில் பழுத்து வாடும். அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த முழத்தை வைத்துக் கட்டுவார்கள். அதே நேரத்தில் தருமபுரியில் ஒரு ஆயா, பவுடர் பாலைக் கரைத்து, சூடு பார்க்கப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு இடத்துக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் தூரம். ஆனாலும் இந்தக் கையும் அந்த மாரும் சந்திக்க வழியில்லாதபடி வெகு கச்சிதமாக ஏற்பாடு செய்தது நம் தொட்டில்.

அடுத்த வாழ்த்து தகப்பனுக்கு.

இந்த நாட்டில் எந்தக் காகிதமும் தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராது. பட்டா அவன் பெயரில் இருக்கும். பிள்ளைக்கு இனிஷியல் அவனுடையது. பள்ளிக்கூடம், வங்கி, சாதிச் சான்றிதழ் எல்லாம் அவன் பெயரைக் கேட்கும். அவ்வளவு பெயர் பெற்றவன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் தன் பெயரை முன்னால் நிறுத்தாமல் அடக்கத்தோடு ஒதுங்கிக்கொள்கிறான். அந்த இடம் தொட்டில். குப்பைமேட்டில் ஒரு பச்சிளங்குழந்தை கிடந்தால் மறுநாள் நாளிதழில் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்பு வரும். கல்நெஞ்சத் தகப்பன் என்ற தலைப்பை இத்தனை வருஷப் பத்திரிகை வாசிப்பில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வழக்கு என்று வந்தாலும் பெரும்பாலும் கைகட்டி நிற்பது பெற்றவளும் அவளைப் பெற்றவளும் கட்டிக்கொடுத்த வீட்டுக் கிழவியும்தான். பிள்ளை உண்டாவதற்கு வேண்டியிருந்த ஆள், பிள்ளை போகும்போது வேண்டாத ஆளாகிவிடுகிறான். அவனுடைய மானத்துக்கு ஒரு கீறலும் விழாமல் இத்தனை ஆண்டுகள் காப்பாற்றிக் கொடுத்ததற்காக, அவன் தொட்டிலுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான்.

சட்டம் அவனிடம் இத்தனை தாராளமாக இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தையை ஒப்படைப்பதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். வளர்க்கவே முடியாது என்கிற பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வர வேண்டும். அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதன் பிறகும் முடியாது என்றால்தான் ஒப்படைப்புப் பத்திரம். அது கல்யாணமான தம்பதியின் குழந்தையாக இருந்தால் தாயும் தகப்பனும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாறி வந்து கேட்க இரண்டு மாதம் உண்டு. அதுவரை அந்தப் பிள்ளையை யாருக்கும் தத்துக் கொடுக்கக் கூடாது. இந்த முறையில் வந்தவர்களைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதாவது, வெட்கப்படாமல் வாசல் வழியாக வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என்ன கஷ்டம் என்று சொல்லி, யோசித்துக் கொடுக்கலாம், யோசித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எதிர் நாற்காலியில் தகப்பன் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போனால் இதில் ஒன்றுமே வேண்டாம். அந்தக் குழந்தை கைவிடப்பட்ட குழந்தை ஆகிவிடும். நலக் குழு விசாரிக்கும், பத்திரிகையில் விளம்பரம் வரும், யாரும் வரவில்லை என்றால் இரண்டு மாதத்தில் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிப்பார்கள். அந்த இரண்டு மாதமும் ஒரு பக்கம்தான் காத்திருக்கும். பத்திரிகை வாசிக்கிற பழக்கம் அந்தத் தாய்க்கு இருக்குமா என்ற கவலை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியில் நின்ற மாவட்டம் இது.

நேரில் வந்து கையில் கொடுப்பவர்களிடம் ஊழியர்கள் பேசிப் பார்ப்பது உண்டு. பேசியதால் பிள்ளையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போன குடும்பங்களும் உண்டு. இதை நான் முழுமனதாகவே சொல்லுகிறேன். ஒரு வாய் பேச்சுக்குத் திரும்புகிற முடிவுகளும் அவற்றில் இருந்திருக்கின்றன என்பதை அந்தக் குடும்பங்களே காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. பேச வாய்ப்பே தராத ஒரு பொருளைத்தான் நாம் திட்டத்துக்குப் பெயராக வைத்தோம்.

தொட்டிலின் குலமும் பெரிய குலம். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து அனாதைக் குழந்தைகள் இல்லம் 1445-இல் திறந்தது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பல இல்லங்களின் சுவரில் சுழலும் பெட்டி இருந்தது. வெளியே வைத்துச் சுற்றிவிட்டால் குழந்தை உள்ளே போய்விடும், வைத்தவர் முகம் தெரியாது. 1811-இல் நெப்போலியன் பிரான்சில் அதைச் சட்டமாகவே ஆக்கினான். லண்டனில் தாமஸ் கோரம் என்ற ஓய்வுபெற்ற கப்பல் தலைவர், தெருவோரத்தில் செத்துக் கிடந்த குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல் வருஷக்கணக்காக அலைந்து 1739-இல் அரச சாசனம் வாங்கி ஒரு இல்லம் தொடங்கினார். நல்ல மனிதர். 1756-இல் நாடாளுமன்றம் பணம் கொடுத்தது, வருகிற எல்லாக் குழந்தையையும் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வாசலில் கூடை தொங்கியது. நாலு வருஷம் முடிவதற்குள் ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்தன. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செத்துப் போயின. தூரத்து ஊர்களிலிருந்து கூலிக்குத் தூக்கிவந்து சேர்த்துவிடும் தொழிலே ஒன்று கிளம்பி, வழியிலேயே பல சாவுகள். 1760-இல் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. தாய்மார் விட்டுப்போன துணித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. பாவாடையிலிருந்தோ சட்டைக் கையிலிருந்தோ கத்தரித்த ஒரு துண்டு குழந்தையின் சீட்டோடு குத்தப்பட்டிருக்கும். என்றைக்காவது திரும்பி வந்தால் இது என் பிள்ளை என்று காட்ட அதுதான் ஆதாரம். திரும்பி வந்து கேட்டவர்கள் சொற்பம். ஆனாலும் கேட்க ஒரு வழி வைத்திருந்தார்கள்.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. கம்பெனி ஆட்சியில் 1787-இல் பெண் குழந்தைகளுக்கும் 1789-இல் ஆண் குழந்தைகளுக்கும் பட்டாளத்து அனாதை அசைலங்கள் தொடங்கினார்கள். எழும்பூரில் இருந்த ஆண்கள் அசைலத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் புகழ் பெற்றார். அங்கே இருந்த பிள்ளைகளில் பலருக்குத் தகப்பன் வெள்ளைக்காரச் சிப்பாய், தாய் இந்த மண்ணின் பெண். அனாதை என்ற பெயரில் சேர்க்கப்பட்டவர்களில் தாய் உயிரோடு இருந்தவர்களும் உண்டு. தாயின் பழக்கம் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதில் அசைலம் கண்ணாக இருந்தது. தகப்பனின் பழக்கத்தைப் பற்றி அதற்குப் பயம் இருக்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்பே நம்மிடம் இருந்த நீதி இது. தருமபுரிக்குப் புதிதாக வந்ததல்ல.

இதற்கு நேர்மாறான ஒரு வாசலும் இதே சென்னையில் இருந்தது. 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது, தேவதாசி முறையிலிருந்து தப்பித்து வந்த சிறு பெண்கள்தான் முதலில் அடைக்கலம் கேட்டு வந்தவர்கள். அந்தப் பெண்கள் எங்கிருந்து ஓடிவந்தார்கள், யார் துரத்துகிறார்கள், ஏன் திரும்பிப்போக மாட்டேன் என்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார்கள். பதிலைக் கேட்டுவிட்டு அடைக்கலம் கொடுத்ததோடு நிற்கவில்லை. யார் துரத்தினார்களோ அந்த வழக்கத்தையே ஒழிக்கச் சட்டசபையில் சண்டை போட்டவர்களும் அவர்கள்தான். அடைக்கலம் கொடுப்பதையும் வழக்குத் தொடுப்பதையும் ஒரே கையால் செய்தார்கள்.

தருமபுரிக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டியைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை போட்டதிலிருந்து, பெண்சிசுக் கொலை என்றால் அது ஏதோ உசிலம்பட்டி விவகாரம் என்று மற்ற ஊர்களெல்லாம் நிம்மதியாக இருந்தன. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தபோதும் தியேட்டரில் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனோம். அதே தொண்ணூறுகளில் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலாராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். சமூகக் காரணங்களால் இறந்தது என்று கிராம செவிலியர்கள் எழுதிவைத்த பெண் குழந்தைகள் சேலத்திலும் தருமபுரியிலும் வரிசையாக வந்தார்கள். 1997 முதல் 1999 வரை டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் வழியாகத் தருமபுரிக் கிராமங்களில் கலைக்குழுக்கள் இறங்கின. ஊர் நடுவில், எல்லாரும் இருக்கையில், ஆண்களும் உட்கார்ந்து பார்க்கையில், ஏன் கொல்கிறீர்கள் என்று ஆட்டமும் பாட்டுமாகக் கேட்டார்கள். சாவுகள் குறைந்தன என்று அந்த இருவருமே பிற்பாடு எழுதினார்கள்.

அப்படிக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதை யோசித்துப் பாருங்கள். கூத்து முடிந்து விளக்கை அணைத்த பிறகும் ஊர் தூங்காது. பெண்டாட்டி புருஷனைப் பார்ப்பாள். மாமியார் தரையைப் பார்ப்பாள். ஊர்க் கவுண்டரும் வாத்தியாரும் ஏதாவது சொல்ல வேண்டி வரும். 2001-இல் தொட்டில் வந்து இந்தச் சங்கடத்திலிருந்து எல்லாரையும் விடுவித்தது. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், எங்கே போடலாம் என்பதற்கு ஒரு விடை வந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். தருமபுரிக்குப் போகும் முதல் பஸ் எப்போது என்று தெரிந்தால் போதும்.

பெண்ணை வளர்க்கிறவனுக்குக் கை கொடுக்க அரசு மறக்கவும் இல்லை. தொட்டில் பிறந்த அதே 1992-இல் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் பிறந்தது. ஒரு பெண்ணோடு நிறுத்திக்கொண்டால் அவள் பெயரில் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் என்று இப்போது வைப்பு வைக்கிறார்கள். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் என்றால் யார் என்று தமிழ்நாட்டில் கேட்கவே வேண்டாம். ஆண்கள் செய்துகொள்ளும் கருத்தடை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. வயிற்றைக் கீறிக்கொள்வதும் அவள்தான். நல்ல திட்டம், பல பெண்களுக்குப் பத்தாம் வகுப்பு வரை படிக்கக் காரணமாக இருந்த திட்டம். மூன்றாவதாகப் பிறந்தவளுக்கு அதில் இடம் இல்லை. கொலைக்கு அதிகம் ஆளானவள் அவள்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத்தான் தொட்டில் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் வளரும் மூன்றாவது பெண்ணுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது. வீட்டைவிட்டுப் போனால் பால், துணி, மருந்து, ஆயா சம்பளம் எல்லாம் அரசாங்கச் செலவு. பெண் பிள்ளையிடம் இவ்வளவு பிரியம் வைத்த அரசு, அவள் பிறந்த வீட்டில் இருக்கும்வரை அந்தப் பிரியத்தைக் காட்டாமல் அடக்கி வைத்திருந்தது.

நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த அதியமானின் தகடூர் இது. அவனுக்குக் கோட்டம் கட்டியிருக்கிறோம். அந்த மண்ணில் 2001 கணக்கெடுப்பின்போது ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் இருந்தார்கள். மாநிலக் கணக்கு 942. பத்து வருஷத்தில் தருமபுரியின் எண் 913 ஆனது. இது பெரிய ஏற்றம். இதில் தொட்டிலுக்குப் பங்கு உண்டு, கலைக்குழுக்களுக்குப் பங்கு உண்டு, வீடு வீடாக நடந்த கிராம செவிலியர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் மாநிலக் கணக்கை எட்ட 2011-லும் ஆயிரத்துக்கு ஏறக்குறைய முப்பது பெண்கள் குறைந்தார்கள். அவர்களைக் கொன்றவர்களும் இல்லை, தொட்டிலில் போட்டவர்களும் இல்லை என்றால் அவர்கள் எங்கே?

அதற்கு விடை கொஞ்ச வருஷமாக நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது. கையில் தூக்கிப் போகிற ஸ்கேன் மெஷினை வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு வீட்டுக்குள்ளோ தோட்டத்துக்குள்ளோ கர்ப்பிணிகளை வரவழைத்து, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிப் பணம் வாங்கிய கும்பல்கள் 2022-லிருந்து தருமபுரியில் திரும்பத் திரும்பப் பிடிபட்டன. கருவில் இருப்பதைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. மெஷின் அளவில் சின்னதாகிக்கொண்டே போனது, சட்டம் மேசையை விட்டு எழவில்லை. தொட்டிலுக்கு இப்போது முன்போல் வேலை இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. கள்ளிப்பால் காலத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு பகல், ஒரு இரவு, ஒரு அழுகையாவது கிடைத்தது. தொட்டில் காலத்தில் ஒரு உயிர் கிடைத்தது. ஸ்கேன் காலத்தில் அவள் வந்ததற்கே தடயம் இல்லை. தகப்பன் பெங்களூரிலிருந்து லீவு போட்டு வர வேண்டிய அவசியம்கூட இல்லை.

பிள்ளையை விரும்புகிறவர்களின் வரிசை ஒரு பக்கம் நீண்டுகொண்டே போகிறது. நாட்டில் ஆண்டுதோறும் தத்துப்போகிற குழந்தைகளில் பெண்களே அதிகம். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற தம்பதிகள் பெண் குழந்தை வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டில் பாரமாகத் தெரிந்தவள் இன்னொரு வீட்டில் வரமாகப் போகிறாள். அந்த வீடுகளுக்கு என் வணக்கம். ஆனால் அந்த வரிசையைக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் நல்லபடியாகத்தானே முடிகிறது என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2019-இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்தபோது, விலைப்பட்டியலில் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த விலை. திருட்டுச் சந்தையிலும் அவள் மதிப்பு மாறவில்லை.

தொட்டிலில் வளர்ந்து தத்துப்போன பெண்ணுக்கு இப்போது இருபது வயது, முப்பது வயது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், முடிந்த அளவுக்குத் தன்னைப் பெற்றவர்களைத் தெரிந்துகொள்ளவும் அவர்களால் வளர்க்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. இந்தியா அதை ஏற்றது 1992 டிசம்பர் 11. சேலத்தில் தொட்டில் வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒப்படைப்புப் பத்திரத்தின் வழியாக வந்தவளுக்கு, பெரியவளான பிறகு தேடிப் பார்க்க ஒரு கோப்பாவது இருக்கும். பெயரில்லாமல் கிடத்தப்பட்டவளுக்கு ஒரு தேதியும் எடையும் உடம்பில் இருந்த மச்சமும்தான் பூர்வீகம். தான் கொல்லப்படவில்லை என்பதற்காக வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்க வேண்டிய நிலையில் ஒரு குடிமகளை நிறுத்திவைப்பது, எந்த அரசுக்கும் கிடைக்காத பாக்கியம்.

ராத்திரி எந்நேரத்தில் அழுகை கேட்டாலும் எழுந்து ஓடி, தொப்புள்கொடி காயாத உடம்பைத் துடைத்து, எடை குறைந்த பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கிற ஆயாக்களையும் செவிலியர்களையும் பற்றிச் சொல்லும்போது என் வாழ்த்தில் இரண்டாவது அர்த்தம் கிடையாது. அவர்கள் வைத்த பெயரோடுதான் பல குழந்தைகள் இந்த உலகத்தில் முதல் மாதத்தைக் கழித்தன. அந்தப் பெண்களின் சம்பளத்தை உயர்த்துங்கள், ஆள் பற்றாக்குறையைப் போக்குங்கள். தொட்டிலை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கே எடுத்தால் சங்கு மறுபடி எரவாணத்திலிருந்து இறங்கும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

கேட்பது வேறு. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போடுங்கள். போலீஸ் உடுப்பு இல்லாத, பேசத் தெரிந்த ஒருவர் ராத்திரியிலும் அங்கே இருக்கட்டும். தூக்கி வந்தவர் கிழவியாக இருந்தால், குழந்தையை வாங்கிக்கொண்டு, மறுநாள் பெற்றவளையும் அவள் புருஷனையும் வரச்சொல்லி அனுப்புங்கள். பால் கட்டிக் காய்ச்சலில் கிடக்கிறவளைத் தேடிப்போக ஒரு கிராம செவிலியரை அனுப்புங்கள். மூன்றாவது பெண்ணுக்கும் பாதுகாப்புத் திட்டத்தில் இடம் கொடுங்கள். கலைக்குழுக்களைத் திரும்பவும் ஊருக்குள் அனுப்புங்கள், இந்த முறை ஸ்கேன் மெஷினையும் மேடையேற்றச் சொல்லி. உங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்றாவதாகப் பெண் பிறந்திருந்தால், ஆண் பிறந்த வீட்டுக்குப் போவதுபோலவே சர்க்கரை கேட்டு உள்ளே போங்கள். வாசலோடு நின்றுவிட்டு வராதீர்கள்.

வளர்க்க முடியாது என்று ராத்திரியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். கூப்பிடுகிறவர் தகப்பனாக இருக்கட்டும்.